முன்துடுப்புக்காரன்

அது துடுப்புதானே, தம்பி? உறைக்குள் இருந்தாலும் தெரிகிறது. இரண்டாகக் கழற்றி மாட்டுகிற ரகம். காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதூர் தாண்டினால் இந்தப் பேருந்து ஆடுகிற ஆட்டத்தில் அது யார் மண்டையையாவது பதம் பார்த்துவிடும்.

நாளைப் போட்டிக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? இருபத்திரண்டு கிலோமீட்டர். ஆந்திர எல்லைப் பக்கத்துத் தீவில் தொடங்கிப் பழவேற்காட்டுப் பாலத்தில் முடியும். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். அந்தப் போட்டி நடந்த முதல் வருடம் நான் அதில் துடுப்புப் போட்டவன். எட்டு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

என் பெயர் கோதண்டம். முரசு கோதண்டம் என்றால் ஏரியைச் சுற்றி எந்தக் குப்பத்திலும் தெரியும். தெரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும். ஏரி மீனவர் உரிமைச் சங்கத்தை ஏழு பேராக ஆரம்பித்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. பதினோரு முறை சிறை. இப்போது சங்கத்தில் இருக்கிற பிள்ளைகள் மனுவைக் கம்ப்யூட்டரில் அடித்து ஈமெயிலில் அனுப்புகிறார்கள். அனுப்பிவிட்டு பிரியாணி சாப்பிடப் போகிறார்கள். ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார வைக்கிறார்கள். இரண்டாவது வரிசை! சரி, அதை விடுங்கள்.

நான் பேசுவது மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கை. பொன்னேரி பேருந்து நிலையத்தில் யார் எதை நீட்டினாலும் வாங்கிப் படிப்பேன்; எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தாறு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். இல்லை, நாற்பத்தேழு. அந்த நாற்பத்தேழாவதை நான் எண்ணிக்கையில் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

உங்களிடம் சொல்லலாம். போட்டி முடிந்ததும் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள்.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் குடும்பம் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். உங்கள் முறை வருகிற நாளில் நீங்கள் போகவில்லையா, அது போனதுதான். அப்படி இருக்கிற ஏரியில் நீலஅலை நீர் விளையாட்டுக் கழகம் என்று ஒரு கூட்டம் வந்து, போட்டிக்காக மூன்று நாள் வலையை அவிழ்த்துவிடுங்கள் என்றது. கேட்கவில்லை, தம்பி. சுவரொட்டி ஒட்டியது. அந்த மூன்று நாள் பாடு யாருக்கு வரவேண்டியதோ அவன் என்ன செய்வான்? அதற்குச் சுவரொட்டியில் இடமில்லை.

விடுவேனா? நாற்பத்தாறாவது துண்டறிக்கை. "ஏரி எங்கள் உழைப்புக் களம், உங்கள் உல்லாசக் குளம் அல்ல." இன்றைக்கும் சிலர் சொல்லிக் காட்டுவார்கள். ஏழு குப்பமும் கூடித் தீர்மானம் போட்டோம். போட்டியில் நம் ஆள் ஒருவனும் படகு இறக்கக்கூடாது. இறக்கினால் ஒரு வருடத்துக்கு அவனோடு யாரும் சேர்ந்து வலை கட்ட மாட்டார்கள். எழுதியவன் நான். வாசித்தவன் நான். கைதட்டலை அடக்கியவனும் நான்.

அவர்கள் பதிலுக்கு ஒரு தூண்டில் போட்டார்கள். நாட்டுப் படகுக்குத் தனிப் பிரிவு. படகுக்கு இரண்டு பேர். கழி ஊன்றக்கூடாது, பாய் விரிக்கக்கூடாது, துடுப்பு மட்டும். முதலில் வருகிற படகுக்காரர் இரண்டு பேருக்கும் கழகத்தின் மீட்புப் படகில் நிரந்தர வேலை.

அந்தத் தூண்டிலைக் கவ்வியவன் வெளியாள் இல்லை. என் தங்கை பவுனுவின் புருஷன், வேதகிரி.

அவன் பேசுகிற ஆள் இல்லை. சங்கக் கூட்டத்துக்கு வந்தால் கடைசியில் உட்கார்ந்து ஏதாவது கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பான். ஆனால் துடுப்பு எடுத்தால் அவனுக்கு நிகர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. அந்த வருடம் ஏரியில் இறால் இல்லை. பஹ்ரைனில் மீன்பிடிப் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பாஸ்போர்ட் கொடுத்து வைத்திருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து என் தங்கை அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம்.

ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"மச்சான், நான் போட்டியில எறங்கறேன்" என்றான்.

"தீர்மானம் தெரியுமில்ல?"

"தெரிஞ்சதாலதான் வந்தேன். என்கூட ஒக்காரறதுக்கு ஒருத்தனும் வர மாட்டேங்கறான். எல்லாருக்கும் உன்மேல பயம்."

"என்மேல இல்ல மாப்ளே. சங்கத்து மேல."

பவுனு குறுக்கே புகுந்தாள். "ரெண்டும் ஒண்ணுதான், பெருசா பேச வந்துட்ட. அண்ணே, இந்த ஆளு பஹ்ரைனுக்குப் போனா ரெண்டு வருசம் கழிச்சுத்தான் மூஞ்சியப் பாக்கணும். புள்ள பொறக்கறப்ப நான் ஒண்டியா கெடக்கணும். ஜெயிச்சா இங்கியே வேலை. உன் தீர்மானத்த ஒரு நாளைக்கு மடிச்சு மூலையில வை. அது ஒண்ணும் செத்துடாது."

நான் தீர்மானத்தின் அவசியத்தை விளக்கினேன். அரைமணி நேரம் விளக்கியிருப்பேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா? ஆள் குடு" என்றாள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு அதே யோசனை. சாயங்காலம் வழி தெரிந்தது. கூட்டத்தைக் கூட்டினேன். "போட்டியை வெளியே இருந்து எதிர்த்தால் யாருக்கும் தெரியாது. உள்ளே புகுவோம். வேதகிரியோடு நானே போகிறேன். பாலத்தடியில் மேடைக்கு எதிரே, அத்தனை அதிகாரிகள் பார்க்க, கறுப்புக் கொடி காட்டுவேன்" என்றேன். என்ன கைதட்டல் என்கிறீர்கள்! தீர்மானத்தையும் மீறவில்லை, தங்கையையும் கைவிடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது நல்ல திட்டம். திட்டத்தில் தவறில்லை.

வேதகிரி ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "முடிவுக் கோட்டைத் தாண்டினப்புறம் புடி மச்சான். தாண்டி ஒரு நொடி போவட்டும், அப்புறம் நீ கொடி புடி, கோஷம் போடு, குட்டிக்கரணம்கூட அடி. தாண்டற வரைக்கும் நீ எனக்குத் துடுப்பு."

"கொடி புடிச்சா அவனுங்க வேலை குடுப்பானுங்களா?" என்று பவுனு கேட்டாள்.

"பிடிக்கிறவன் நான். அவன் பின்னால் இருக்கிறவன். அவனை என்ன செய்ய முடியும்?" என்றேன். எனக்கு வருகிற வேலையை மேடையிலேயே உதறிவிடுவேன் என்றும் சொன்னேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதனால் சங்கத்தின் மேல் ஆணையிட்டுக் கொடுத்தேன், கோட்டைத் தாண்டும் வரை கொடியைத் தொட மாட்டேன் என்று.

பயிற்சிக்கு இருபது நாள் இருந்தது. வேதகிரி தினமும் விடிகாலையில் வந்து கூப்பிட்டான். இரண்டு நாள் போனேன். மற்ற நாளில் எனக்கு வேலை இருந்தது, தம்பி. கொடி தைக்கக் கொடுக்க வேண்டும், பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், கோஷம் எழுத வேண்டும். துடுப்புப் பிடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஏரியில் பிறந்தவனுக்குப் பயிற்சி எதற்கு? அப்படித்தான் அவனிடம் சொன்னேன். "நீ சொன்னா சரி மச்சான்" என்று போய்விட்டான். மற்ற பதினெட்டு நாளும் தனியாகப் படகு தள்ளிப் பழகியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் படகில் இரண்டு பேர் உட்காருகிற முறையைச் சொல்ல வேண்டும். மூத்தவன் முன்னால். இளையவன் பின்னால். முன்னால் இருப்பவன் வேகம் வைப்பான், இத்தனை துடுப்புக்கு ஒரு முறை "மாத்து!" என்று குரல் கொடுப்பான், இரண்டு பேரும் வலமிருந்து இடமாக, இடமிருந்து வலமாகக் கை மாற்றுவார்கள். பின்னால் இருப்பவன் திசை பார்ப்பான். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதும் அவன் வேலை. முன்னால் இருப்பவன் திரும்பக்கூடாது. திரும்பினால் படகு ஆடும். அதைவிட, அது மரியாதை இல்லை. முன்துடுப்புக்காரன் பின்துடுப்புக்காரனைப் பார்த்து "எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள்?" என்று கேட்பது எங்கள் ஊரில் கிடையாது. பின்னால் இருப்பவனும் பெரியவன் துடுப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டான். நீங்கள் இதை யோசித்துப் பாருங்கள். அவன் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வருகிறான். நான் அவனைப் பார்க்கவே முடியாது.

தை மாதம். காலை ஆறரைக்குக் கொடியசைத்தார்கள். உங்களை மாதிரி ஆட்கள் பிளாஸ்டிக் படகில் முன்னால் போய்விட்டார்கள்; அது வேறு பிரிவு. நாட்டுப் படகு ஆறுதான். எங்கள் குப்பங்களிலிருந்து நாங்கள் மட்டும். மற்ற ஐந்தும் ஆந்திரப் பக்கம். அதில் கோவிந்தய்யா என்பவனும் அவன் தம்பியும் வந்த படகுதான் படகு. நல்ல உழைப்பாளிகள்.

புறப்படும்போது வேதகிரி சொன்னான்: "கை புடிச்சுக்கிச்சுன்னா சொல்லு மச்சான்."

"பதினோரு தடவை லத்தி பார்த்த கை, மாப்ளே."

"லத்திய போலீஸ்காரன்தான புடிச்சான்" என்று சிரித்தான்.

முதல் ஒரு மணி நேரம் நான் நன்றாகப் போட்டேன். இதை யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். வாடைக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. முப்பது துடுப்புக்கு ஒரு "மாத்து". நாங்கள்தான் முதல். ஏரி முழுக்க என் குரல் கேட்டிருக்கும்.

இரண்டாவது மணி நேரத்தில் இடது தோளில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. பிறகு வலது. விரல்கள் துடுப்பைச் சுற்றி மடங்கியபடியே நின்றுவிட்டன, விரிக்க முடியவில்லை. நடுவில் ஒரு மணல் திட்டு. தண்ணீர் முழங்கால் அளவுதான். இறங்கிப் படகைத் தள்ளினோம். நான் படகைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். மறுபடி ஏறும்போது வேதகிரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்தான். என் கையில் கொடுக்கவில்லை.

"மச்சான், கொஞ்ச நேரம் துடுப்ப உள்ள வையி. நான் பாத்துக்கறேன்."

"போராட்டத்தில் பாதி வழியில் ஆயுதத்தைக் கீழே வைக்கிறவன் நான் இல்லை" என்றேன்.

"போராட்டம் இல்ல மச்சான், போட்டி."

"இரண்டும் ஒன்றுதான்."

அவன் பாட்டிலை மூடிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

அந்தத் திட்டிலிருந்து பாலம் பதினோரு கிலோமீட்டர். தம்பி, அந்தப் பதினோரு கிலோமீட்டரும் நான் துடுப்புப் போடவில்லை. துடுப்பைத் தண்ணீரில் நனைத்தேன். முன்னால் கொண்டுபோவேன், நனைப்பேன், எடுப்பேன். கரையிலிருந்து பார்த்தால் துடுப்புப் போடுவது மாதிரியே இருக்கும். சும்மா இருந்திருந்தாலாவது அவனுக்குப் பாரம் குறைந்திருக்கும். நனைக்கிற துடுப்பு படகைப் பிடித்து இழுக்கும். ஒரு பக்கம் திருப்பும். அதையும் சேர்த்து அவன் சரி செய்ய வேண்டும். எனக்கு இது தெரியும். நனைக்கும்போதும் தெரியும். ஆனால் குரல் மட்டும் குறையவில்லை. முப்பது எண்ணி "மாத்து!" முப்பது எண்ணி "மாத்து!" ஒன்றும் செய்யாத கையை வலமிருந்து இடம் மாற்றிக்கொண்டேன். நாற்பது வருடம் கோஷம் போட்ட தொண்டை. அது எப்படிக் குறையும்?

பத்து மணிக்குமேல் கிழக்கே கடல் பக்கமிருந்து காற்று குறுக்கே அடித்தது. பின்னால் அவன் மூச்சு மட்டும் கேட்டது. மரம் அறுக்கிற மாதிரி. அப்படியும் நாங்கள்தான் முதல். அவன் ஒருவன்தான் முதல்.

பாலம் தெரிந்தது. மேடை தெரிந்தது. பந்தலுக்குக் கீழே வெள்ளைச் சட்டைகள். கரையில் எங்கள் குப்பத்து ஜனம் மொத்தமும். பவுனு நின்ற இடம்கூடத் தெரிந்தது. ஒரு கை இடுப்பில், ஒரு கை நெற்றியில். கோட்டுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு மிதவை. இருநூறு மீட்டர் இருக்கும்.

அப்போது பின்னால் துடுப்புச் சத்தம் கேட்டது. இரண்டு துடுப்பு, ஒரே சீராக. கோவிந்தய்யா படகு. சளக், சளக் என்று காதுக்குப் பக்கத்தில். வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் மேல் சத்தம் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் பக்கத்தில் கேட்கும். ஏரியில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஒரு முறை வாய் திறந்து வேதகிரியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். முன்துடுப்புக்காரன் கேட்பானா?

இன்னும் ஒரு நிமிடத்தில் நம்மைத் தாண்டிப் போவார்கள். ஏழு குப்பமும் பார்க்கும். கோதண்டத்தின் கை தோற்றது என்று சொல்லும். தீர்மானத்தை வளைத்தான், பெருமை பேசிப் போனான், தங்கை புருஷனையும் சேர்த்துத் தோற்கடித்தான் என்று சொல்லும். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது இது மட்டும்தான். பாடு ஓடவில்லை. மூன்று நாள் வலை ஓடவில்லை. உங்களிடம் இதைச் சொல்வதற்கே எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

எழுந்து நின்றேன்.

இடுப்பில் சுற்றியிருந்த கொடியை உருவினேன். கை எப்படி வேலை செய்தது என்று கேட்காதீர்கள். அதற்கு மட்டும் செய்தது. "பறிக்காதே! பறிக்காதே! பாடு உரிமையைப் பறிக்காதே!" என்று கத்தினேன். கரையிலிருந்து எங்கள் ஜனம் பதிலுக்குக் கத்தியது.

பின்னாலிருந்து, "மச்சான், ஒக்காரு! ஒக்காரு மச்சான்!" என்று ஒரு குரல். அப்படி அவன் கத்தி நான் கேட்டதே இல்லை.

நின்றவனைக் காற்று பிடித்தது. படகு குறுக்கே திரும்பி என் பக்கம் சாய்ந்தது. இரண்டு பேரும் தண்ணீரில். இடுப்பளவு ஆழம்தான், சேறு. நான் கொடியை நனையவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் படகை நிமிர்த்த முயன்றான். ஒரு ஆளால் முடியாது. "புடி மச்சான், புடிச்சா ஏறிடலாம்" என்றான். நான் மேடையைப் பார்த்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன். கோவிந்தய்யாவின் படகு எங்களைத் தாண்டிப் போனது. அந்தத் தம்பிக்காரன் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டான்.

காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அது பழக்கமான இடம். வேதகிரிக்கு அதுதான் முதல் தடவை. ஈர லுங்கியோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். கழகத்தின் மேலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும். வேதகிரியைப் பார்த்து, "தம்பி, மீட்புப் படகுல பக்கத்துலயேதான் வந்தோம். பாதி ஏரி நீ ஒருத்தன்தான் தள்ளின. முன்னால இருந்தவரு ஒண்ணும் போடலன்னு எல்லாரும் பாத்தோம். உன்ன மாதிரி ஆளு எங்களுக்கு வேணும். இந்தக் கொடி விவகாரத்துல உனக்குச் சம்பந்தமில்லன்னு ஒரு வரி எழுதிக் குடு. வேலைக்கு நான் பொறுப்பு" என்றார்.

அந்த அறையில் இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு நிருபர், எங்கள் சங்கத்து ஆட்கள் மூன்று பேர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முன்னால இருந்தவரு ஒண்ணும் போடல. வேதகிரியும் என்னைப் பார்த்தான். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எழுதிக் கொடு மாப்ளே" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். நாற்பத்தாறு துண்டறிக்கை எழுதியவனுக்கு அந்த மூன்று வார்த்தை வரவில்லை.

"அவரு கடைசி வரைக்கும் போட்டாரு சார்" என்றான் வேதகிரி. "கொடியும் ரெண்டு பேரும் பேசி வச்சுதான் புடிச்சோம்."

அவ்வளவுதான். மேலாளர் எழுந்து போய்விட்டார். சங்கத்து ஆள் ஒருவன் அங்கேயே வேதகிரியைக் கட்டிப் பிடித்தான்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நாற்பத்தேழாவது துண்டறிக்கையை எழுதினேன். "வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை ஏரியில் எறிந்த இரு போராளிகள்!" எழுதும்போதே எனக்குத் தெரியும், அது பொய் என்று. தோற்கப்போனவர்கள்தானே நாங்கள்? இரண்டாம் நாள் கோவிந்தய்யாவும் தம்பியும் என் வீட்டுக்கு வந்தார்கள். வேதகிரியின் துடுப்பு மிதந்து அவர்கள் பக்கம் போயிருக்கிறது, கொடுக்க வந்தார்கள். வேலை கிடைத்தவர்களுக்கு முகத்தில் சந்தோஷமே இல்லை. கோவிந்தய்யா அவன் தமிழில் சொன்னான்: "அண்ணா, நீங்க நிக்கலன்னா நாங்க புடிக்கவே மாட்டோம். ரொம்ப தூரம் பின்னால வந்தோம். எங்களுக்கு மூச்சே இல்ல. ரெண்டாவது வந்தா போதும்னு என் தம்பி சொல்லிட்டான்."

நான் எழுதியது உண்மையாகிவிட்டது, தம்பி. பொய் என்று நினைத்து எழுதினேன், அது உண்மையாகிவிட்டது. அதற்குள் ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் போட்டி மூன்று நாளிலிருந்து ஒரு நாளானது. அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். பாடு கட்டுகிற இடத்தில் மிதவை போடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பலன் இருந்தது. பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் வேதகிரி புறப்பட்டான். பவுனுவுக்கு எட்டாம் மாதம். அவள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள், வழியனுப்ப வரவில்லை. பேருந்து நிலையம் வரை நான் போனேன். பெட்டியை நான் தூக்கப் போனேன், அவன் கொடுக்கவில்லை. பேருந்து கிளம்புகிற நேரம் சொன்னான்:

"நீ துடுப்ப நனைச்சுக்கிட்டு வந்ததுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல மச்சான். வயசாயிடுச்சு, கை போயிடுச்சு. அது திட்டுல ஏறறப்பவே தெரிஞ்சுது. நீ நனைக்கற கணக்கு போட்டுத்தான் நான் தள்ளினேன். எழுந்து நின்ன பாரு, அதத்தான் நான் கணக்குல வைக்கல. சும்மா ஒக்காந்திருந்தா போதும். இன்னும் நூறு துடுப்பு. நான் போட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. படகில் எங்கே ஓட்டை என்று காட்டுகிற மாதிரி சொன்னான். ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே. நான் அவன் தோளில் கை வைத்து, "உன் தியாகத்தைச் சங்கம் என்றைக்கும் மறக்காது, மாப்ளே" என்றேன்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "சரி மச்சான்" என்று ஏறிக்கொண்டான்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவேன். முடியவில்லை. பவுனு அவனோடு சரியாகப் பேசுவதில்லை. எட்டு வருடமாக. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறான். சமைத்துப் போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், மகளை நடுவில் விட்டுப் பேசுகிறாள். வெள்ளிக்கிழமை அவன் போன் செய்தால் போனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுகிறாள். காவல் நிலையத்தில் அவன் சொன்னதைத்தான் அவள் கேள்விப்பட்டாள். பேசி வச்சுதான் புடிச்சோம். கோட்டுக்கு முன்னாலேயே பிடிக்க அவனும் சம்மதித்தான், கட்டினவளையும் வயிற்றில் இருந்த பிள்ளையையும்விட அவனுக்குக் கொடி பெரிதாகிவிட்டது என்று நினைக்கிறாள். இவனும் ஒரு வார்த்தை திருத்திச் சொல்லவில்லை. சொன்னால் என்னைச் சொல்ல வேண்டுமே. அங்கே தனியாக ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். போகும்போது வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போவேன். முதல் வரி, இரண்டாம் வரி. பொதுக்கூட்டத்துக்குத் தயார் செய்கிற மாதிரி.

நேற்றும் போனேன். மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். உட்காரச் சொல்லித் தட்டு வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அடுத்த மாசம் வராராம். முழுசா வந்துடறேன்னு சொல்றாரு. வந்து இன்னா செய்யப் போறாரு? கூட்டத்துல நின்னு கொடி புடிக்கவா?" சோற்றைப் போட்டாள். "நீ எவ்வளவோ தேவல அண்ணே. நீ கொடி புடிப்பேன்னு சொல்லிட்டுப் போன, புடிச்ச. உன்கிட்ட ஒளிவுமறைவு இல்ல. அந்த ஆளு ஜெயிச்சுட்டு வரேன்னு என் வயித்து மேல கைய வச்சு சொல்லிட்டுப் போனாரு."

முதல் வரி நாக்கில் இருந்தது, தம்பி. உண்மையாகவே இருந்தது.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.